எங்கள் பில்லிங் மென்பொருளை இன்னொருவர் பெயரில் விற்கக் கொடுக்கலாமா?

மட்டுநகர்_பொடியன்:
நானும் கூட்டாளியும் அரிசி ஆலைகளுக்கென்று ஒரு பில்லிங் சாப்ட்வெயார் செய்து மூன்று வருடமாகக் கொடுத்து வருகிறோம். மூட்டைக் கணக்கு, போடிமாருக்கு (வயல் சொந்தக்காரருக்கு) கொடுத்த முற்பணம், கடன் கொப்பி எல்லாம் அதில் இருக்கிறது. ஏறாவூர், செங்கலடிப் பக்கம் 19 இடத்தில் ஓடுகிறது. இப்போது கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இரண்டு கொம்பியூட்டர் கடைக்காரர், "எங்கள் லோகோவைப் போட்டுத் தாருங்கள், உங்கள் பெயர் எங்கேயும் வரக்கூடாது, சம்மாந்துறை மில்களை நாங்கள் பிடிக்கிறோம்" என்கிறார்கள். விற்பனையில் 40 வீதம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கல்முனை_நானா:
தம்பி, வீதக் கணக்கை விடுங்கள். நான் மற்றப் பக்கத்தில் நிற்கிறவன், அதாவது ஒருவர் எழுதியதை என் கடைப் பெயரில் விற்கிறவன். ஒரு மில்லுக்கு மாதம் இவ்வளவு என்று மொத்த விலை பேசுங்கள், அவர் எவ்வளவுக்கு விற்றாலும் உங்களுக்கு வருவது குறையாது. வீதம் என்றால் அவர் கொம்பியூட்டரையும் பிரிண்டரையும் நல்ல விலைக்கு விற்றுவிட்டு 'சாப்ட்வெயார் இலவசம்' என்பார், அப்புறம் எதில் 60 வீதம் எடுப்பீர்கள்? முதல் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான் போக வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மாசி பங்குனி அறுவடையில் ராத்திரி 11 மணிக்கும் மில் ஓடும், பிரிண்டரில் பேப்பர் இறுகினதுக்கெல்லாம் நீங்கள் எழும்ப முடியாது.

களுவாஞ்சி_டெவ்:
சூடுபட்டவன் சொல்கிறேன். நாலு ரீசெல்லருக்கு (தங்கள் பெயரில் விற்கிற கடைக்காரருக்கு) மென்பொருளின் கோட் (நிரல்) முழுவதையும் நாலு தனிப் பிரதியாக்கிக் கொடுத்தேன். 2024 ஜனவரி 1இல் வட் (பெறுமதி சேர் வரி) 15இலிருந்து 18 வீதமானபோது நாலிலும் தனித்தனியாக மாற்றினேன், ஒன்றில் 15 என்பது பில் வடிவத்துக்குள்ளேயே எழுதிக் கிடந்ததை மூன்று நாள் பில் போன பிறகுதான் கண்டேன். கோட் ஒன்றாகவே இருக்கட்டும், லோகோ, நிறம், தொலைபேசி இலக்கம், பில்லின் அடிவரி எல்லாம் செட்டிங்கில் மாறட்டும். பாஸ்வேர்ட் மாற்றுவதற்காக மென்பொருள் அனுப்பும் மின்னஞ்சலையும் பாருங்கள், என்னுடையதில் என் பெயர் போய், மில் முதலாளி நேரே எனக்குப் போன் எடுத்து, ரீசெல்லர் 'ஆளைக் களவெடுக்கிறாய்' என்று சண்டைக்கு வந்தார்.

இன்னொரு ரீசெல்லர் மில்காரரிடம் காசை வாங்கிவிட்டு எனக்குக் கட்டவில்லை. மென்பொருளைப் பூட்டினால் அடிபடுவது பாவம் அந்த மில்தான். ஆகவே சேர்வரும் டொமைனும் உங்கள் பெயரில் இருக்கட்டும், இரண்டு மாதம் நிலுவை விழுந்தால் வாடிக்கையாளரோடு நேரே கதைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் போடுங்கள்.

ஆரையம்பதி_அக்கா:
போடிமாரின் அடையாள அட்டை இலக்கமும் அதில் இருக்குமே? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை எதற்கு எடுப்பது என்று தீர்மானிப்பவரையும் அவருக்காகக் கையாள்பவரையும் வேறுவேறாகத்தான் பார்க்கிறது. மில், கடை, நீங்கள் என்று மூன்று பேர் நடுவில் எவர் எது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மட்டுநகர்_பொடியன்:
நன்றி. கல்முனைக்காரர் சேர்வர் தன் பெயரில்தான் என்று நிற்கிறார், அவரை விட்டாயிற்று. அக்கரைப்பற்றுக்கு மட்டும் மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கிறோம். நானா, நீங்கள் உங்கள் ஆளுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள்? தனியாகச் சொன்னாலும் சரி.