‘கொக்குவில் வீடு’ குழு: 2024 செப்டெம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை

[பிற்பகல் 2.12] அக்கா (ஹட்டன்): ஊரடங்குச் சட்டம் நண்பகலுடன் நீக்கப்பட்டுவிட்டது. நேற்றைய ஜனாதிபதித் தேர்தலில் ஒருவரும் ஐம்பது வீதத்தைத் தாண்டாததால் விருப்பு வாக்குகளை (சீட்டில் இட்ட இரண்டாம், மூன்றாம் தெரிவுகளை) எண்ணப்போவதாகத் தேர்தல்கள் ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. 1982 முதல் நடந்த எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் இந்த நிலை வந்ததில்லை. முடிவு வர இரவாகும் போலிருக்கிறது. அதுவரை, விருப்பமுள்ளவர்கள் யாருக்கு, எதற்காக வாக்களித்தீர்கள் என்று எழுதுங்கள். குரல் பதிவு வேண்டாம். பெரியப்பாவுக்குக் காது மந்தம். எழுத்துப் பிழை விட்டால் அவர் திருத்தி அனுப்புவார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

[பிற்பகல் 2.31] பெரியப்பா: எனக்கு மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சங்குச் சின்னத்துக்குப் புள்ளடி இட்டேன். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் ஜனாதிபதியாக வருவார் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. 2010இல் சரத் பொன்சேகாவுக்கும், 2015இல் மைத்திரிபாலவுக்கும், 2019இல் சஜித்துக்கும் இட்டோம். மூன்று தடவையும் அவர்களை விரும்பி அல்ல, ராஜபக்சக்கள் வரக்கூடாது என்பதற்காக. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதங்களில், அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதிக்கே இந்தக் கையால் புள்ளடி இட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை. இம்முறை நாமல் ராஜபக்ச வெல்லப்போவதில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. தடுக்க வேண்டியவர் என்று ஒருவரும் இல்லாத முதலாவது தேர்தலில், எங்களுக்கு வேண்டியது என்ன என்பதைச் சொல்லாமல் வேறெப்போது சொல்வது?

[பிற்பகல் 2.44] பெரியம்மா: ஒரே முச்சக்கர வண்டியில் போய், ஒரே வரிசையில் நின்று, நான் சஜித்தின் தொலைபேசிக்கு இட்டேன். அவர் நேற்று இரவுதான் கேட்டார், நான் இரவே சொல்லிவிட்டேன், ஆகையால் இங்கே புதிய சண்டை ஒன்றும் இல்லை. தென்னிலங்கை வேட்பாளர்களில் வெல்லக்கூடிய மூவருள், மாகாண சபைகளைத் தந்த பதின்மூன்றாம் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவேன் என்று கிளிநொச்சியில் வந்து நின்று சொன்னவர் சஜித். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தலே இல்லை. சமஷ்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையில் இருக்கவேண்டிய சபையே இல்லாமல் ஆறு வருடமாகிறது என்பதையும் பார்க்கவேண்டும் என்கிறேன்.

[பிற்பகல் 2.58] மாமா (ஸ்காபரோ): இங்கே இன்னும் விடியவில்லை, நித்திரையும் வரவில்லை. என்னைக் கேட்டால் பகிஷ்கரிப்பதே சரியான முடிவாக இருந்திருக்கும் என்பேன். ஒற்றையாட்சி அரசியலமைப்பின்கீழ் அதன் தலைவரைத் தெரிவுசெய்யும் தேர்தலில் சங்குக்கு இட்டாலும் தொலைபேசிக்கு இட்டாலும், அந்த அமைப்பை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கில் வரும். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் கஜேந்திரகுமாரும் அதைத்தான் சொன்னார்.

[பிற்பகல் 3.06] பெரியம்மா: தம்பி, உமக்கு வாக்கே இல்லை. வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க இந்த நாட்டில் வழியில்லை என்பதால், நீர் பகிஷ்கரித்தாலும் பகிஷ்கரிக்காவிட்டாலும் கணக்கு ஒன்றுதான். நாங்கள் 2005 நவம்பரைப் பார்த்தவர்கள். அன்று வாக்களிப்பு நிலையம் திறந்திருந்தது, யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இருவர்கூடப் போகவில்லை. போகக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது, அதனால் போகவில்லை. மகிந்த ராஜபக்ச வென்றது ஏறக்குறைய ஓர் இலட்சத்து எண்பதாயிரம் வாக்குகளால். அதன் பின்னர் வந்த நான்கு வருடங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை.

[பிற்பகல் 3.15] மாமா (ஸ்காபரோ): 2005இல் ரணில் வந்திருந்தால் போர் வந்திராது என்று யாரும் உறுதியாகச் சொல்லமுடியாது, அக்கா.

[பிற்பகல் 3.17] பெரியம்மா: முடியாது. ஆனால் வராத வாக்கால் ஒருவரை வெல்லவைக்கலாம் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

[பிற்பகல் 3.40] அண்ணா (யாழ். திருநெல்வேலி): அப்பாவும் அம்மாவும் தீர்வைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் கடை நடத்துகிறவன், ரணிலுக்கு இட்டேன். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நின்ற வரிசைகளும், 360 ரூபாயைத் தாண்டிய டொலரும் எனக்கு மறக்கவில்லை. இன்று டொலர் 300 ரூபாயளவில் நிற்கிறது, சரக்கு வருகிறது. பெறுமதி சேர் வரியை 18 வீதமாக்கியதால் நான் வாங்கிய அடியும் எனக்குத் தெரியும். நாணய நிதியத்தின் ஒப்பந்தம் பாதியில் இருக்கும்போது சாரதியை மாற்றவேண்டாம் என்பதே என் கணக்கு. மக்கள் வேறுவிதமாக முடிவுசெய்துவிட்டார்கள், சரி.

[பிற்பகல் 4.02] நான் (வெள்ளவத்தை): அடுத்து என்னைக் கேட்பீர்கள் என்பதால் நானே எழுதுகிறேன். அனுரவின் திசைகாட்டிக்கு இட்டேன். பெரியப்பா எழுதப்போகும் பதிலை நானே முன்கூட்டி எழுதிவிடுகிறேன்: வடக்குக் கிழக்கு இணைப்புக்கு எதிரான வழக்கின் பின்னால் நின்றது அனுரவின் கட்சியான ஜே.வி.பி., 2006இல் உயர் நீதிமன்றம் அந்த இணைப்பைச் செல்லாததாக்கியது, போரையும் அவர்கள் ஆதரித்தார்கள். இவை எதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும், 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்துக்கு வேலை முடிந்து போய்வந்த நாட்களில், சிங்கள இளைஞர்கள் மே 18ஆம் திகதி கஞ்சி காய்ச்சி முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்ததைக் கண்டேன். அந்தத் தலைமுறை நம்பிய கட்சி எது என்று பார்த்தேன். ஊழல் செய்தவர்களின் பிள்ளைகளும் மருமக்களும் இல்லாத ஒரு ஆட்சி எப்படியிருக்கும் என்று ஒருதடவை பார்க்க விரும்பினேன். 2019இல் மூன்று வீதமளவில் வாங்கிய அனுர இன்று 42 வீதத்தில் நிற்பதற்குக் காரணம் இனவாதம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தேர்தலில் இனவாதம் பேசி வாக்குக் கேட்டவர்கள் குறைவு.

[பிற்பகல் 4.19] பெரியப்பா: ‘ஒரு ஆட்சி’ அல்ல, ‘ஓர் ஆட்சி’. தம்பி, இனவாதம் பேசாதிருப்பது வேறு, இனப்பிரச்சினையைப் பற்றிப் பேசுவது வேறு. ஊழல் ஒழிந்தால் எல்லாம் சரியாகும் என்று சொல்லும்போது, எங்களுக்கென்று தனியாக ஒரு பிரச்சினை இல்லை என்பதும் அதற்குள் வந்துவிடுகிறது. உன் நம்பிக்கையை நான் குறைசொல்லவில்லை. அரசியலமைப்பு எழுதும் நாள் வரும்போது அதே இளைஞர்கள் காணி, பொலிஸ் அதிகாரங்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்.

[பிற்பகல் 4.47] அத்தான் (ஹட்டன்): கொக்குவில் மாமா, வடக்கின் கேள்வி அது, தோட்டத்தின் கேள்வி வேறு. ரணில் மே தினத்தன்று கொட்டகலையில் நாளொன்றுக்கு 1,700 ரூபாய் என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் வந்தது அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய், அதற்குமேல் 350 ரூபாய் உற்பத்தியைப் பொறுத்தது. மழை பிடித்தால், கொழுந்து குறைந்தால், அந்த 350 ரூபாயை யார் தருவார்கள்? என் அம்மா நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். அவர் இன்னும் இருப்பது லயத்து வீட்டில், அவர் பெயரில் ஒரு பேர்ச் காணிகூட இல்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலின் சிலிண்டருக்கு இடச் சொன்னது, தமிழ் முற்போக்குக் கூட்டணி தொலைபேசிக்கு இடச் சொன்னது. காணியும் வீடும் எழுத்தில் வந்த பக்கம் எது என்று பார்த்துத் தொலைபேசிக்கு 1 என்றும், திசைகாட்டிக்கு 2 என்றும் இட்டேன். நுவரெலியா மாவட்டத்தில் சஜித் முதலிடம் வந்ததற்கு என்னைப்போலக் கணக்குப் பார்த்தவர்களும் காரணம்.

[பிற்பகல் 4.55] பெரியப்பா: மருமகன், நீங்கள் எழுதியது நியாயம். சங்கு மலையகத்துக்கு என்ன சொன்னது என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

[மாலை 5.20] அக்கா (ஹட்டன்): யாழ்ப்பாண மாவட்ட முடிவைப் பார்த்தீர்களா? சஜித் 121,177. அரியநேத்திரன் 116,688. ரணில் 84,558. அனுர 27,086. பெரியப்பா வீட்டு வாசலில் நின்று எண்ணியதுபோல இருக்கிறது.

[மாலை 5.34] பெரியப்பா: வித்தியாசம் 4,489 வாக்குகள். தமிழரசுக் கட்சி செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி, தன் கட்சிக்காரரான அரியநேத்திரனையே கைவிட்டுச் சஜித்துக்கு ஆதரவென்று முடிவெடுத்திராவிட்டால் சங்குதான் முதலிடம். 1982இல் குமார் பொன்னம்பலம் யாழ். மாவட்டத்தில் முதலிடம் பெற்றபோது நாடு முழுவதும் எடுத்தது 173,934. இம்முறை அரியநேத்திரனுக்கு 226,343. கட்சியும் பணமும் இல்லாமல் கிடைத்த வாக்கு இது.

[மாலை 5.41] பெரியம்மா: நீங்கள் அதை ஒரு மக்கள் ஆணை என்று சொல்லப்போகிறீர்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதை ஆணை என்று கொழும்பில் யாரும் எடுக்கமாட்டார்கள். முழுத் தமிழரும் ஒரே குரலில் பேசுகிறோம் என்று காட்டுவதற்காக நிறுத்திய வேட்பாளர், நாங்கள் ஒரே குரலில் பேசவில்லை என்பதைக் காட்டிவிட்டார்.

[மாலை 5.50] மாமா (ஸ்காபரோ): அண்ணை, இதற்கு என்னிடமும் பதில் இல்லை.

[இரவு 8.35] நான் (வெள்ளவத்தை): இறுதி முடிவு வந்துவிட்டது. அனுர 5,740,179, சஜித் 4,530,902. ஒரு விடயம் கவனித்தீர்களா? ரணில், நாமல், அரியநேத்திரன் உட்படப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றிலிருந்து இந்த இருவருக்கும் வந்து சேர்ந்த விருப்பு வாக்குகள் வெறும் 273,131. அதிலும் கூடியது சஜித்துக்கு: 167,867.

[இரவு 8.42] அண்ணா (திருநெல்வேலி): நான் சிலிண்டருக்கு மட்டும் புள்ளடி இட்டேன். இரண்டடிக்கும் நீளமான வாக்குச்சீட்டில் இலக்கங்களை எழுதி வாக்கைப் பழுதாக்கிவிடுவேனோ என்ற பயம்தான்.

[இரவு 8.50] அத்தான் (ஹட்டன்): நான் 2 என்று கவனமாக எழுதினேன், சஜித் முதல் இருவருக்குள் வந்துவிட்டதால் என் சீட்டைத் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவையே அவர்களுக்கு ஏற்படவில்லை.

[இரவு 9.03] பெரியம்மா: இவரும் ஒற்றைப் புள்ளடியோடு வந்தவர்தான். சங்கு நீக்கப்பட்ட பிறகுதானே இரண்டாவது விருப்பை எடுத்துப் பார்க்கிறார்கள்? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, ஆளைத் தெரிவுசெய்யும் வேலையையும் அதே சீட்டில் செய்திருக்கலாம். சங்குக்கு விழுந்த வாக்கில் ஒன்றும் குறைந்திராது.

[இரவு 9.16] பெரியப்பா: சட்டப்படி நீர் சொல்வது சரி. ஆனால் இரண்டாவதாக ஒருவரை எழுதியிருந்தால், எதுவும் தராமலே கிடைக்கும் வாக்கு இது என்று அந்த ஒருவர் மறுபடியும் நினைப்பார். மூன்று தேர்தலில் நினைத்தார்கள். இனிமேல் எழுத்தில் தந்தால் எழுதுவேன்.

[இரவு 9.21] பெரியம்மா: பாராளுமன்றத்தில் மூன்று ஆசனங்களை வைத்துக்கொண்டு அனுர ஆட்சி நடத்தமுடியாது, கலைத்துவிட்டுத் தேர்தல் வைப்பார். அப்போது இரண்டாவது விருப்பு என்ற வசதியும் இல்லை, எங்கள் கட்சிகள் நாலாகப் பிரிந்து நின்றால் ஆசனம்தான் போகும்.

[இரவு 9.24] அக்கா (ஹட்டன்): அதில் யாருக்கு இடுவீர்கள், பெரியம்மா?

[இரவு 9.26] பெரியம்மா: வேட்பாளர் பட்டியல் வரட்டும். அதில் எத்தனை பெண்களைப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.