வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள வயல்களில் உரிமத்துடன் பறவை வேட்டையை அனுமதிக்கலாமா?

கழனியூரான்:
வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை 1998 முதல் சரணாலயமாக இருக்கிறது. ஊர்களும் பட்டா நிலங்களும் அதற்குள் அடங்கும். அங்கே வயலில் கண்ணி வைத்து மடையான் என்னும் குளத்துக் கொக்கைப் பிடிப்பவருக்கும், ஏரிக்குள் துப்பாக்கியுடன் நுழைபவருக்கும் சட்டத்தில் மூன்றாண்டுக்குக் குறையாத ஒரே சிறைத்தண்டனைதான். இது நியாயமன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறு வேட்டைக்கு உரிமம் தரும் ஏற்பாடு இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தமே அதை நீக்கியது. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1979இல் பிறப்பித்த பறவைகள் ஆணையும், பட்டியலிட்ட இனங்களை இனப்பெருக்கக் காலம் தவிர்த்து வேட்டையாட இடம் தருகிறது. பரவலாகக் காணப்படும் மடையானுக்கு மட்டும், எண்ணிக்கையும் பருவமும் வரையறுத்து உரிமம் வழங்கினால், இன்று ஒளிந்து நடப்பது கணக்குக்குள் வரும்.

கடப்பமரம்:
ஐயா, இனப்பெருக்கக் காலத்தைத் தவிர்த்தால் உங்கள் உரிமத்தில் என்ன மிஞ்சும்? வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகுதான் பறவைகள் கூடு கட்டுகின்றன. அதே மாதங்களில்தான் வயல்களில் நீர் நிற்கிறது, கண்ணியும் விழுகிறது. கோடையில் ஏரி வற்றியதும் அவை கலைந்து போய்விடும். பறவை நிறைந்திருக்கும்போது உரிமம் செல்லாது. செல்லும்போது பறவை இராது. வயலில் இரை பொறுக்கும் கொக்கு ஒன்று சிக்கினால், ஏரியில் அதன் குஞ்சுகளும் பட்டினியில் மடியக்கூடும் என்பதை எந்த உரிமத்தின் எண்ணிக்கையில் சேர்ப்பீர்கள்? மடையானுக்கு விரித்த வலையில் வக்காவும் அரிவாள் மூக்கனும் சிக்காமல் இருக்கப்போவதில்லை. நீங்கள் காட்டிய ஐரோப்பிய ஆணையின் கீழேயே, மால்டா 2004 முதல் 2007 வரை காடைக்கும் காட்டுப்புறாவுக்கும் வசந்தகால வேட்டையைத் திறந்துவிட்டது. அது ஆணையை மீறிய செயல் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. விதிவிலக்கு என்று ஒன்று இருந்தால் அதை அகலப்படுத்தும் முயற்சியும் தொடர்ந்து வரும்.

நீர்க்கோழி:
நாகாலாந்தின் பாங்டி பகுதியில் 2012இல் அமூர் வல்லூறுகளைக் கூட்டங்கூட்டமாக வலைவிரித்துப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே கிராம சபைகள் கட்டுப்பாடு விதித்தன, வேட்டை நின்றது. வேடந்தாங்கல் மக்களும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஆட்சியரிடம் முறையிட்டவர்கள். ஊர் ஒத்துக்கொள்ளும் தடைதான் நிலைக்கும்.

கழனியூரான்:
வேடந்தாங்கல் விவசாயிக்குப் பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் உரமாகிறது; எனவே அவர் காப்பதில் வியப்பில்லை. நிலமே இல்லாத நரிக்குறவர் குடும்பத்துக்கு அந்த நீரால் என்ன பயன்? 2023இல் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தோம். ஆனால் மாற்றுத் தொழில் வந்து சேராத வீடுகள் இன்னும் உண்டு. பிடித்தவர் சிறைக்குப் போகிறார், சாலையோரம் காரை நிறுத்தி வாங்கியவர் வீட்டுக்குப் போகிறார்.

கடப்பமரம்:
அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். வாங்குவதும் குற்றம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. முதல் வழக்கு வாங்குபவர் மீதும் கடை வைப்பவர் மீதும் பாயட்டும். ஏரிக் காவல், வழிகாட்டி, கணக்கெடுப்பு ஆகிய வேலைகளைப் பறவைகளின் வழக்கத்தை நம்மைவிட நன்கறிந்த அந்தக் குடும்பங்களுக்கே முதலில் தர வேண்டும். கண்ணிக்கு உரிமம் தருவதை மட்டும் ஏற்க மாட்டேன்.