இரண்டாம் எழுத்து ஒன்றியும் எதுகை இல்லையா?

புதுவெண்பா:
வணக்கம். குறள் வெண்பா எழுதிப் பழகுகிறேன்.

மாலை மழைவந்து மண்ணை நனைத்ததால்
இலைகள் முழுதும் குளிர்.

இரண்டடியிலும் இரண்டாம் எழுத்து ‘லை’. ஆனாலும் எதுகை அமையவில்லை என்கிறார்கள். ஏன்? மோனையை, அதாவது சீர்களின் முதலெழுத்து ஒத்து வருவதை, எந்தச் சீரில் வைப்பது நல்லது?

சீர்பிரிப்பான்:
எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதாது. முதலெழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பாடம்–மாடம் எதுகை, பாடம்–படம் ஆகாது. உங்கள் ‘மா’ நெடில், ‘இ’ குறில். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ‘மா’ நீண்டு முடிவதற்குள் ‘இலை’ பாதி கடந்துவிடும்.

அதே இடத்தில் தளையும், அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் முறையும், தட்டுகிறது. தனிக்குறிலோ நெடிலோ நேரசை, குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரையசை, ஒற்று கூட வரலாம். ‘நனைத்ததால்’ நிரை நிரை, கருவிளம். வெண்பாவில் விளத்துக்கு (நிரையில் முடியும் ஈரசைச் சீருக்கு) அடுத்து நேர்தான் வரவேண்டும், ‘இலை’ நிரை. ‘இலைகள்’ இருந்த இடத்தில் ‘சோலை’ வைத்தால் இரண்டு குறையும் ஒன்றாகத் தீரும்:

மாலை மழைவந்து மண்ணை நனைத்ததால்
சோலை முழுதும் குளிர்.

அதே எழுத்துக் கிடைக்காவிட்டால், அதே இனத்து எழுத்து வரும் இன எதுகை உண்டு. குறளிலேயே ‘தக்கார்’–‘எச்சத்தால்’ வல்லினம், ‘அன்பீனும்’–‘நண்பென்னும்’ மெல்லினம், ‘எல்லா’–‘பொய்யா’ இடையினம். பலர் சறுக்குவது ர, றவில். பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் ‘கரை’–‘பறை’ காதுக்கு ஒத்துப்போகும். ஆனால் ற வல்லினம், ர இடையினம். இன எதுகைகூட ஆகாது.

மோனைக்காரி:
மோனைக்கு வருகிறேன். நாற்சீரடியில் 1, 3 சீர்களில் வருவது பொழிப்பு மோனை. அடி சரிபாதியாகப் பிரியும் இடத்தில் ஒலி திரும்ப வருவதால் பழகுவதற்கு இதுவே நல்லது. 1, 2 இணை. 1, 4 ஒரூஉ (‘அகர… ஆதி’ அப்படித்தான்). உங்கள் முதலடியில் மா, ம, ம என்று 1, 2, 3 சீர்களில் வந்திருப்பது கூழை மோனை, அழகாகவே இருக்கிறது. அறுசீர் விருத்தத்துக்குப் போனால் 1, 4. எண்சீருக்கு 1, 5.

இரண்டாம் அடியில்தான் மோனை இல்லை. மோனைக்கு, உயிர்களில் அ ஆ ஐ ஔ ஓர் அணி, இ ஈ எ ஏ ஓர் அணி, உ ஊ ஒ ஓ ஓர் அணி. மெய்யில் ச–த, ஞ–ந, ம–வ. மெய் பொருந்தினால் மட்டும் போதாது, ஏறிய உயிரும் ஒரே அணியில் இருக்க வேண்டும். ‘மலை’–‘வயல்’ மோனை, ‘முகம்’–‘வயல்’ இல்லை. இதைக் கவனிக்காமல் ‘ம–வ இனம்தானே’ என்று எழுதிவிடுகிறார்கள்.

‘சோ’வுக்கு ‘சு’ பொருந்தும். ஆகவே ‘குளிர்’ போய் ‘சுகம்’ வரட்டும்: சோலை முழுதும் சுகம். சுகமும் நிரையசைதான், வெண்பாவின் கடைசிச் சீருக்கு உரிய மலர் வாய்பாடு. தளை கெடாது.

தாளக்கட்டு:
மெட்டுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தமிழில் வினை கடைசியில் விகுதியோடு வருவதால் ‘வந்தேன், கண்டேன், நின்றேன்’ என்று இயைபு (அடிகளின் கடைசி ஒலி ஒத்து வருவது) தானாகக் கொட்டும். அதை மட்டும் நம்பினால் பாட்டு விகுதிப் பட்டியலாகிவிடும். இயைபுச் சொல்லில் பெயரையும் வினையையும் கலந்து வையுங்கள்: ‘தேன்–வந்தேன்’ போல.

மோனையெழுத்து தாளத்தட்டில் விழ வேண்டும். தட்டுக்கு அரை அட்சரம் முன்னால் எடுத்தால், ஏட்டில் இருக்கும் மோனை காதில் விழாது. ‘கடல்’–‘கங்கை’ எழுத்தில் மோனைதான். ஆனால் கங்கையின் முதல் ககரத்தைப் பலர் வடமொழி ஒலிப்பில் ‘ga’ என்று பாடுவார்கள். வெண்பாவில் தயங்காமல் வைக்கலாம், மெட்டில் பாடிக் கேட்டபிறகு வையுங்கள்.

புதுவெண்பா:
மிக்க நன்றி. ‘மாலை–சோலை’, ‘சோலை–சுகம்’ இரண்டையும் சேர்த்துவிட்டேன். முதற்சீரை ‘காலை’ என்று மாற்றினால் எதுகை நிற்கும், மோனை போய்விடும், சரிதானே?

மோனைக்காரி:
முழுதும் போகாது. ‘மழைவந்து’, ‘மண்ணை’ இரண்டும் தங்களுக்குள் ஒத்து ஒலிக்கும். ஆனால் முதற்சீரிலிருந்து தொடங்காததால் அது கூழை ஆகாது, 2, 3 சீர்களில் மட்டும் வரும் இடைப்புணர் மோனை. மாலையே இருக்கட்டும்.