இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வர எந்த லைட் வாங்கலாம்? (பெங்களூரு)

இப்ளூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பெல்லந்தூரில் இரண்டாம் ஷிப்ட் வேலை. முடிய இரவு பதினொன்றரை ஆகிவிடும். கம்பெனி கேப் வண்டியை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். தர்மபுரியிலிருந்து கொண்டுவந்த சைக்கிள் ரூமில் சும்மாதான் நிற்கிறது, அதிலேயே போய்வரலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவுட்டர் ரிங் ரோட்டின் சர்வீஸ் ரோட்டில் இப்ளூர் வரை வந்து, சர்ஜாபூர் ரோட்டில் திரும்பி, கைகொண்டனஹள்ளி ஏரிப் பக்கம் உள்ளே போக வேண்டும். ரிங் ரோட்டில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. உள்தெருக்களில்தான் கஷ்டம். பாதிக் கம்பங்கள் எரிவதில்லை. வெள்ளைக்கோடு போடாத ஹம்ப், மூடாத குழி, நடுத்தெருவில் படுத்திருக்கும் நாய் எதுவுமே கிட்டே போகும்வரை தெரியாது.

ஆன்லைனில் பார்த்தால் 600 ரூபாய்க்கு 5000 லூமன் (லைட் தரும் வெளிச்சத்தின் அளவு) என்கிறான். 1500 ரூபாய்க்கு 400 லூமன் என்று இன்னொன்று இருக்கிறது. எனக்கு முன்னும் பின்னும் சேர்த்து 2000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். எதை வாங்குவது?

அல்சூர் பெடல்:

தம்பி, அந்த 5000 லூமனை விட்டுவிடுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டே சொல்கிறேன். இந்த விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

அந்த மாதிரி லைட்டுக்குள் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் பேட்டரி செல் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம், அதனால்தான் அந்தப் பெயர். நல்ல கம்பெனி செல் என்றால் 3000 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) சுமார் கிடைக்கும். 3.6 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 11 வாட்-மணி. கைக்கடக்கமான எல்இடி லைட் ஒரு வாட்டுக்கு 100 லூமன் கொடுத்தாலே நல்லது. 400 லூமனுக்கு 4 வாட் போகும், ஆக இரண்டரை மணி நேரத்துக்கு மேலேயே எரியும். 5000 லூமன் வேண்டுமென்றால் 50 வாட் வேண்டும். அந்த செல் கால் மணி நேரம்கூடத் தாங்காது, அதற்குள் கூடு தொட முடியாத சூடாகிவிடும். அப்புறம் எப்படி நாலு மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போடுகிறார்கள்? செல்லின் மேல் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் தொடவே வேண்டாம். இந்த அளவு செல்லில் 3500-ஐச் சற்றுத் தாண்டுவதே பெரிய விஷயம்.

சரி, 400 லூமன் போதுமா? உங்கள் வழிக்கு ரொம்பவே போதும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள் என்றால் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர். குழியைப் பார்த்து, பிரேக்கைப் பிடித்து, வண்டி நிற்பதற்குள் பன்னிரண்டு மீட்டர் போல ஓடிவிடும். ஈர ரோடு என்றால் இன்னும் கூடும். பதினைந்து, இருபது மீட்டர் தள்ளி ரோடு தெளிவாகத் தெரிந்தால் உங்களுக்கு வேலை முடிந்தது. அந்த வெளிச்சம் ரோட்டில் விழ வேண்டும், அதுதான் முக்கியம். எதிரில் வருகிறவர் கண்ணிலும் மரக்கிளையிலும் விழுந்து என்ன பயன்? ஜெர்மனியில் சைக்கிள் லைட்டின் மேல்விளிம்பைக் கார் ஹெட்லைட் போல வெட்டி, எதிரே வருபவர் கண் கூசாமல் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த வகை கிடைத்தால் நல்லது. உங்கள் பட்ஜெட்டில் பெரும்பாலும் டார்ச் மாதிரி வட்ட ஒளிதான் வரும். பரவாயில்லை, மாட்டும் கோணத்தில் சரிசெய்யலாம்.

சுவருக்கு 5 மீட்டர் தள்ளி, சமதரையில் சைக்கிளை நிறுத்துங்கள். லைட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதில் பாதி உயரத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். வட்டத்தின் நடு அந்தக் கோட்டில் விழும்படி லைட்டைச் சாய்த்து இறுக்குங்கள். அப்படி வைத்தால் ஒளியின் நடுப்பகுதி ரோட்டில் 10 மீட்டர் தூரத்தில் விழும், மேல் ஓரத்தில் சிதறுவது அதற்கும் அப்பால் காட்டும். இதைச் செய்யாமல் லைட்டைக் குறை சொல்கிறவர்கள்தான் அதிகம்.

இப்போது பின்லைட். என்னைக் கேட்டால் முதலில் வாங்க வேண்டியதே இதுதான். ரிங் ரோட்டில் உங்களுக்கு ஆபத்து பின்னாலிருந்துதான் வருகிறது. 500, 600 ரூபாய்க்கு நல்லதே கிடைக்கும். ராத்திரியில் நிலையாக எரியவிடுங்கள். வெறும் மினுக்கலாக இருந்தால் பின்னால் வருகிற ஓட்டுநருக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டுக்கட்டுவது கடினம். மினுக்கல் வேண்டும் என்று தோன்றினால் இரண்டாவதாக ஒரு சின்ன லைட் போட்டு அதை மினுக்கவிடுங்கள்.

மாட்டிய பிறகு பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். கேரியரில் பை வைத்தால் சீட் போஸ்ட் லைட் அப்படியே மறைந்துபோகும். ரப்பர் பட்டை தளர்ந்து லைட் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சைக்கிள்களைத் தினமும் பார்க்கிறேன். கேரியர் இருந்தால் அதன் கடைசிக் கம்பியிலேயே மாட்டுங்கள்.

மாலை மழை:

அண்ணா சொன்னது எல்லாம் சரி. இந்திரா நகர்ப் பக்கம் தினமும் இருட்டிய பிறகு ஓட்டுகிறவள் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, பக்கவாட்டு. முன்லைட்டும் பின்லைட்டும் நேராகத்தான் அடிக்கும். குறுக்குத்தெருவிலிருந்து வெளியே வரும் ஆட்டோவுக்கும் டெலிவரி பைக்குக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். ஒளியைத் திருப்பியடிக்கும் ஸ்டிக்கர் டேப் ஒரு ரோல் வாங்கி, இரண்டு சக்கரத்தின் ரிம்மிலும், பெடல் கட்டையிலும், முன் ஃபோர்க்கிலும் ஒட்டுங்கள். பெடலில் ஒட்டியது மேலும் கீழும் போவதைப் பார்த்தாலே, யாரோ சைக்கிள் மிதிக்கிறார்கள் என்று ஓட்டுநருக்குப் புரிந்துவிடும். கணுக்காலில் கட்டும் பட்டையும் அதே வேலையைச் செய்யும், பேன்ட் செயினில் மாட்டாமலும் இருக்கும். வேறு எதற்குப் பணம் இல்லாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டு, மழை. நம் ஊரில் சாயங்காலம் வெயில் அடிக்கும், ராத்திரி கொட்டித்தீர்க்கும். தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு லைட்டில் ஒரு எண் போட்டிருப்பார்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறிக்கும் தண்ணீரையும் தாங்கும், அது குறைந்தபட்சம். ஐபிஎக்ஸ்6 என்றால் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். ஆனால் சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடியைச் சரியாக அழுத்தாவிட்டால் எந்த எண்ணும் காப்பாற்றாது. மட்கார்டு இல்லாத சைக்கிள் என்றால் பின்சக்கரச் சேறு முழுக்க லைட்டின் மேல்தான். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியை ஒரு துணியால் துடைத்துவிடுங்கள், வெளிச்சத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இப்ளூர்வாசி:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. 400 லூமன் லைட்டையே வாங்குகிறேன். அந்த செல் கணக்கைப் பார்த்த பிறகு 600 ரூபாய் லைட் பக்கம் போக மனசு வரவில்லை. ஒரே சந்தேகம். அப்பா இதே சைக்கிளில் டைனமோ வைத்திருந்தார், அந்தக் கம்பி இன்னும் ஃபோர்க்கில் இருக்கிறது. அதை மறுபடி போட்டால் சார்ஜ் தொல்லையே இல்லையே?

அல்சூர் பெடல்:

டயரில் உரசும் பழைய பாட்டில் டைனமோவைத்தானே சொல்கிறீர்கள்? அப்பா காலத்தில் அது பெரிய துணை. ஆனால் வண்டி நின்றால் லைட்டும் நின்றுவிடும். இப்ளூர் சிக்னலில், நாலு பக்கமும் லாரி நிற்கும் இடத்தில், நீங்கள் இருட்டாக நிற்க வேண்டி வரும். மழையில் உருளை வழுக்கும். சக்கரத்தின் நடுவிலேயே வரும் ஹப் டைனமோ அருமையான பொருள், 6 வோல்ட் 3 வாட், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் எரியும் லைட்டுகள் அதற்கென்றே இருக்கின்றன. ஆனால் சக்கரத்தையே மாற்றிக் கட்ட வேண்டும், உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்காது. இப்போதைக்கு பேட்டரியே போதும். ஆபீஸில் மேஜைக்கு அடியில் சார்ஜில் போட்டுவிடுங்கள். யூஎஸ்பி-சி உள்ளதாக வாங்கினால் போன் சார்ஜரே ஆகும்.

சைக்கிளைப் பூட்டும்போது இரண்டு லைட்டையும் கழற்றிப் பைக்குள் போட மறக்காதீர்கள். அதனால் கருவி இல்லாமல் கழற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள். வாங்கும் முன் ஹேண்டில்பாரின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். பழைய சைக்கிளில் பெரும்பாலும் 25.4 மி.மீ. அல்லது அதற்கும் கீழே இருக்கும். 31.8 மி.மீ.க்கு மட்டும் செய்த பிளாஸ்டிக் கிளாம்ப் அதில் நிற்காமல் சுற்றும். ரப்பர் பட்டை போட்டுக் கட்டும் வகை என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.