ஸ்க்ராபிளுக்கு எந்த வார்த்தைங்க படிக்கணும்?

கேள்வி: நான் நாவல்லாம் நிறைய படிப்பேன், வொகாபுலரி நல்லாவே இருக்கு, ஆனா இங்கிலீஷ் ஸ்க்ராபிள்ல (எழுத்து டைல்களை போர்டுல அடுக்கி வார்த்தை சேர்க்கிற கேம்) ஸ்கூல் பசங்ககூட என்னை ஈஸியா ஜெயிச்சிடுறாங்க. க்யூ வந்துட்டா யூ வர்ற வரைக்கும் கையிலயே கிடக்கு. எங்க ஆரம்பிக்கலாம்?

பதில் 1: பெரிய வார்த்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் ப்ரோ, முதல்ல ரெண்டெழுத்து வார்த்தைங்க. காலின்ஸ் 2019 லிஸ்ட்ல (கேம்ல செல்லுபடியாகிற வார்த்தைங்களோட லிஸ்ட்) மொத்தமே 127தான். க்யூ-ஐ, இஸட்-ஏ, எக்ஸ்-ஐ இதெல்லாம் செல்லும், யூ தேவையே இல்ல. க்யூவை ட்ரிபிள் லெட்டர் கட்டத்துல (அந்த எழுத்தோட பாயிண்ட் மூணு மடங்காகும்) வெச்சு குறுக்கயும் நெடுக்கயும் க்யூ-ஐ வர்ற மாதிரி போட்டா 62 பாயிண்ட், இதுக்கு எந்த நாவலும் உதவாது.

பதில் 2: அதோட ஏழு டைலையும் ஒரே தடவைல இறக்கினா 50 போனஸ், அதையும் விட்றாதீங்க. 'ரெட்டினா' (RETINA)ங்கிற ஆறு எழுத்தும் கையில சேர்ந்தா பத்திரமா வெச்சுக்கோங்க, ஜி வந்தா க்ரானைட், சி வந்தா செர்ட்டன், எஸ் வந்தா ரீடெயின்ஸ்னு போயிட்டே இருக்கும். மொத்தம் 100 டைல்ல எஸ் 4, ப்ளாங்க் (எந்த எழுத்தாவும் வெச்சுக்கக்கூடிய காலி டைல்) 2 மட்டும்தான், அதனால சின்ன ஸ்கோருக்கு அதை வீணாக்காதீங்க.

கேள்வி கேட்டவர்: நன்றிங்க. ஆனா அர்த்தம் தெரியாம மனப்பாடம் பண்ண மனசு வரல...

பதில் 1: நைஜல் ரிச்சர்ட்ஸ்னு ஒரு நியூசிலாந்துக்காரர், ஃப்ரெஞ்ச் பேசவே தெரியாது, 2015ல ஃப்ரெஞ்ச் ஸ்க்ராபிள் உலக சாம்பியன் ஆனார். விளையாட்டுக்கு எழுத்துக்கோர்வைதான் முக்கியம், பிடிச்ச வார்த்தைக்கு அர்த்தம் அப்புறமா தேடிக்கோங்க. அமெரிக்கா லிஸ்ட் வேற, உங்க க்ரூப்ல எதுன்னு முதல்ல கேட்டுக்கோங்க.