டெப்பை லப்டொப்பாகப் பாவிக்கிறேன்: கீபோர்ட் விடுபடுகிறது, பாமினி ஓடவில்லை. உதவி தேவை

கேள்வி (வேலணையிலிருந்து)

வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட இறுதி வருடம் படிக்கிறேன். ஆய்வுக்கட்டுரையைத் தமிழில் அடித்துக் கொடுக்க வேண்டும், இன்னும் ஆறு கிழமைதான் இருக்கிறது. புது லப்டொப் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கழற்றி மாட்டுகிற கீபோர்டோடு ஒரு பாவித்த விண்டோஸ் டெப் வாங்கினேன். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு, விண்டோஸ் 10.

முதல் பிரச்சினை: அடித்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்ட் செத்துவிடும். கழற்றி மாட்டினால் வரும், கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போகும்.

இரண்டாவதுதான் பெரிய தலையிடி. அப்பா அச்சகத்தில் வேலை செய்தவர், சின்ன வயதிலேயே எனக்குப் பாமினி எழுத்துருவில் தமிழ் அடிக்கப் பழக்கினார். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். முதல் அத்தியாயத்தைப் பாமினியில் அடித்துச் சேருக்கு அனுப்பினேன். அவர் போனில் திறந்து பார்த்தால் எல்லாம் ஆங்கில எழுத்து. "அம்மா" என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யூனிக்கோடில் தரச் சொல்லிவிட்டார். இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டால் பாமினி மாதிரியே அடிக்கலாம் என்றார்கள். அதை நிறுவப் போனால், ஸ்டோரில் உள்ளதை மட்டும்தான் நிறுவலாம் என்று டெப் மறிக்கிறது.

இதை வைத்து எழுதி முடிக்கலாமா, விற்றுவிடவா?

பதில் (கணினி திருத்துபவர், திருநெல்வேலி)

விற்க வேண்டாம் தங்கச்சி. எழுத்து வேலைக்கு 4 ஜிபி போதும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். கீபோர்ட் எப்போது விடுபடுகிறது? டெப் அசையும்போதா, தொடாமல் ஐந்து நிமிடம் விட்டுத் திரும்ப வரும்போதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. தொடாமல் விட்டபின் என்றால் அது மின்சேமிப்பு வேலை. டிவைஸ் மனேஜரில் கீபோர்டையோ அது தொங்குகிற யுஎஸ்பி ஹப்பையோ திறந்து, பவர் மனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம்பிடிக்க இதை நிறுத்தலாம் என்ற பெட்டியின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். அசையும்போது என்றால் டெப்பும் கீபோர்டும் இணைகிற தொடுமுனைதான்.

கேட்டவர்

அசையும்போதுதான் அண்ணா. மேசையில் வைத்தால் அரை மணித்தியாலம்கூட நிற்கும். மடியில் வைத்தால் ஒரு வரி அடிக்கவும் விடாது. பஸ்ஸில் சொல்லவே வேண்டாம்.

பதில் (கணினி திருத்துபவர்)

அப்படியென்றால் விளங்குகிறது. லப்டொப்பில் பாரமெல்லாம் கீழ்ப்பாதியில் இருக்கும். இதில் கணினி முழுவதும் திரைக்குப் பின்னால் இருக்கிறது, கீழே வெறும் கீபோர்ட்தான். மடியில் வைத்தால் திரை பின்னால் சாயும், இணைகிற இடம் ஒரு மயிரிழை விலகும். காந்தம் பிடித்திருப்பதால் கண்ணுக்கு ஒட்டினமாதிரியே இருக்கும், ஆனால் மின்சாரம் விட்டுப்போயிருக்கும்.

டெப்பை முழுதாக நிறுத்திவிட்டுக் கீபோர்டைக் கழற்றுங்கள். ஒரு பக்கத்தில் சின்னச் சின்னப் பித்தளை நிற முனைகள் இருக்கும். அவை வில்லு வைத்தவை. எதிர்ப்பக்கத்தில் தட்டையான புள்ளிகள். ஒவ்வொரு முனையையும் பற்குச்சியால் மெல்ல அழுத்திப் பாருங்கள், விட்டதும் எழும்ப வேண்டும். எழும்பாதது எது என்று சொல்லுங்கள். ஊசி, கத்தி கொண்டு நோண்டவே வேண்டாம்.

நீங்கள் பண்ணைப் பாலத்தால் தினமும் வந்துபோகிறீர்கள் போல. இரண்டு பக்கமும் கடல். உப்புக் காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் இந்த முனைகளில் பச்சை பிடிக்கும். தீவுப்பகுதியிலிருந்தும் குருநகரிலிருந்தும் என்னிடம் வருகிற சாமான்களில் இதை அடிக்கடி காண்கிறேன். பார்மசியில் ஐசோப்ரோபைல் அல்ககோல் வாங்கி, காது குடையும் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். தட்டைப் புள்ளிகளில் கறை போகாவிட்டால் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்க்கலாம், வில்லு முனையில் தேய்க்கக் கூடாது.

பதில் (தட்டெழுத்து வேலை செய்யும் அக்கா, சுன்னாகம்)

பாமினி விசயத்துக்கு நான் சொல்கிறேன் பிள்ளை. பாமினி ஓர் எழுத்துரு மட்டும்தான். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள். சேரின் போனில் அந்த எழுத்துரு இல்லை, அதனால் போர்வை விலகிவிட்டது. அப்பா பழக்கிய விசைகளை நீங்கள் விட வேண்டியதில்லை, எழுத்துருவை மட்டும் விட்டால் போதும். இ-கலப்பையில் பாமினி முறையைத் தெரிவு செய்தால் விரல் பழைய இடத்துக்கே போகும், வருவது யூனிக்கோடாக இருக்கும்.

டெப் மறிப்பது அது எஸ் மோடில், அதாவது ஸ்டோரில் உள்ளதை மட்டும் விடுகிற விண்டோஸ் முறையில், இருப்பதால். செட்டிங்ஸில் அப்டேட் அன்ட் செக்யூரிட்டி, அதற்குள் அக்டிவேஷன். அங்கிருந்து ஸ்டோருக்குப் போய் எஸ் மோடை விட்டு வெளியே வரலாம். காசு இல்லை. ஒருமுறை வெளியே வந்தால் திரும்பப் போக முடியாது, அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். அதே அக்டிவேஷன் பக்கத்திலேயே விண்டோஸ் ப்ரோவுக்கு மாற்றுகிற வழியும் காட்டும். அதைத் தொட வேண்டாம், அது காசுக்கு.

அடித்த அத்தியாயத்தைத் திரும்ப அடிக்க வேண்டாம். சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றி போல ஒன்றில் பந்தி பந்தியாக ஒட்டி மாற்றுங்கள். முழுக் கோப்பையும் ஒரேயடியாகப் போட்டால் இடையில் உள்ள ஆங்கில நூற்பெயர்களும் தமிழாகிக் குழம்பும். அடிக்குறிப்புகளைத் தனியாக மாற்றுங்கள். மாற்றியபின் கொம்பு வைத்த எழுத்துகளை, கொ, கோ, கௌ எல்லாவற்றையும், ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பதில் (இன்னொருவர், பருத்தித்துறை)

தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையைப் பழகலாமே? எஸ் மோடை விட்டு வெளியே வராமலே ஓடும். விண்டோஸ் 10இல் 2019 மே மேம்படுத்தலோடு அது உள்ளேயே வந்துவிட்டது. தமிழ் மொழியைச் சேர்த்து, அதன் ஒப்ஷன்ஸில் தமிழ் 99ஐச் சேர்த்தால் போதும். "அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலு தட்டுத்தான். இரண்டு ம சேர்ந்து வந்தால் முதலாவதுக்குப் புள்ளியை அதுவே வைத்துவிடும்.

பதில் (சுன்னாகம் அக்கா)

நல்ல முறைதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் ஆறு கிழமைக்குள் ஆய்வு கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு விரலைப் புதிதாகப் பழக்கச் சொல்லக் கூடாது. பதினைந்து வருடம் தட்டெழுத்து வேலையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், முறை மாறுகிற முதல் மாதம் வேகம் பாதியாகிவிடும். ஆய்வைக் கொடுத்தபின் பழகட்டும்.

கேட்டவர் (நாலு நாளின் பின்)

அண்ணா, ஐந்து முனையில் நடு முனை எழும்பவில்லை. அடியில் பச்சையாக ஒரு வளையம் இருந்தது. அல்ககோல் ஒரு சொட்டு விட்டு, பற்குச்சியால் அழுத்தி அழுத்தி விட, பத்துப் பதினைந்து தரத்துக்குப் பிறகு டிக் என்று எழும்பியது. அப்பா பழைய பரீட்சை அட்டை ஒன்றைத் தந்தார், டெப்பையும் கீபோர்டையும் அதன்மேல் வைத்து மடியில் அடிக்கிறேன். நேற்று இரவு இரண்டு மணித்தியாலம் ஒருதரமும் விடுபடவில்லை.

அக்கா, எஸ் மோடை விட்டு வெளியே வந்து இ-கலப்பை போட்டாயிற்று. விரல் தானாகவே ஓடுகிறது. பழைய அத்தியாயத்தை மாற்றி அனுப்பினேன், சேர் போனிலேயே வாசித்து இரண்டு இடத்தில் திருத்தமும் போட்டு அனுப்பியிருக்கிறார். உங்கள் எல்லோருக்கும் நன்றி.

இன்னொன்று: சேமிப்பில் 3 ஜிபிதான் மிச்சம்.

பதில் (கணினி திருத்துபவர்)

செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு ஸ்டோரேஜ். அங்கே தற்காலிகக் கோப்புகளைத் துடையுங்கள். டவுன்லோட்ஸ் பெட்டிக்குச் சரி அடையாளம் போட முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நேர்காணல் ஒலிப்பதிவுகள் இருந்தால் மைக்ரோ எஸ்டி கார்டுக்கு மாற்றுங்கள். ஆய்வுக் கோப்பை மட்டும் கார்டில் தனியாக விடாமல், தினமும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது, 11 ஏறுமா என்று பார்க்க வேண்டும். அதை இப்போது தொட வேண்டாம். ஆய்வைக் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கொண்டு வாருங்கள், இருந்து பார்ப்போம்.