உலைக்கள இருட்டும் வாசல் வெளிச்சமும்: கறுப்பு வெள்ளையில் எதைக் காப்பது?

செங்கோட்டை வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். செங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு அடுத்திருக்கும் கொல்லுப்பட்டறையைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்து வருகிறேன். மண்வெட்டி, வெட்டரிவாள் போக, புனலூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பால்வெட்டும் கத்திகளும் காய்ச்சி அடிப்பதற்காக இங்கே வருகின்றன. தாழ்ந்த ஓட்டுக்கூரை, கரி படிந்த சுவர்கள், கிழக்குப் பார்த்த ஒரே வாசல். வாசலை ஒட்டிப் பெரியவர் வெள்ளை வேட்டியோடு அமர்ந்து குறட்டால் இரும்பைப் பிடித்துக்கொள்ள, உள்ளே நின்று அவருடைய மகன் சம்மட்டி அடிப்பார்.

நேரில் பார்க்கும்போது சுவரின் கருமை, வேட்டியின் மடிப்பு, மகனின் முகம் ஆகிய மூன்றும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றன. படத்திலோ சுவர் சாம்பல் பூத்து வருகிறது. வேட்டி மடிப்பே இல்லாமல் வெளுத்துவிடுகிறது. கணினியில் கான்ட்ராஸ்டை, அதாவது கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டினால் சுவர் கறுக்கிறது, ஆனால் மகனின் முகமும் அதோடு சேர்ந்து மையாகிவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1904இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையில், கழுதுருட்டியில் உள்ள பதின்மூன்று கண் பாலத்தைச் சாரல் காலத்தில் எடுத்தேன். வண்ணத்தில் பச்சைக்கு நடுவே கல்பாலம் எடுப்பாக நிற்கிறது. கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் மரமும் கல்லும் ஒரே சாம்பலாகிப் பாலமே காட்டுக்குள் கரைந்துவிடுகிறது.

இவற்றைப் படமெடுக்கும் நேரத்திலேயே சரிசெய்ய வேண்டுமா, பிறகு கணினியில் சரிசெய்ய வேண்டுமா? எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதென்றால் எதை விட்டுக்கொடுப்பது? என்னிடம் இருப்பது சாதாரண டிஜிட்டல் கேமராதான். சட்டகத்தின் ஒரு சிறு இடத்து ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் வசதி அதில் இருக்கிறது.

தக்கலை அன்பர்:

வணக்கம் அண்ணாச்சி. பாலத்தைப் பற்றி வேறு யாராவது சொல்வார்கள். நான் பட்டறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேமராவிலுள்ள மீட்டருக்குச் சுவர் கறுப்பு என்றோ வேட்டி வெள்ளை என்றோ தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்குவதற்கு எவ்வளவு ஒளி வேண்டும் என்பதைத்தான் அது சொல்லும். சட்டகத்தின் பெரும்பகுதி கரிச்சுவராக இருக்கும்போது, அந்தச் சுவரைச் சாம்பலாக்கும் அளவுக்கு ஒளியை உள்ளே விடுகிறது. அந்த மிகை ஒளியே வேட்டியை எரித்துவிடுகிறது. ஆகவே சாம்பல் பூத்த சுவரும் வெளுத்த வேட்டியும் ஒரே காரணத்தால் வருபவை. அதைப் படமெடுக்கும் நேரத்தில்தான் சரிசெய்ய முடியும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான ஆன்செல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த மண்டல முறை இதற்குப் பெரிதும் உதவும். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 10, நடுத்தரச் சாம்பல் 5. ஒரு மண்டலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். வேட்டியின் நெசவும் மடிப்பும் தெரிய வேண்டுமானால் அது 7ஆம் மண்டலத்தில் அமர வேண்டும். ஸ்பாட் மீட்டரை வேட்டியில் வெளிச்சம் படும் பகுதியின்மேல் வைத்து, அது சொல்வதைவிட இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒளி கொடுங்கள். நெகட்டிவ் பிலிமில் நிழலுக்கு அளந்து எடுப்பதே மரபு. டிஜிட்டலில் அதைத் தலைகீழாகக் கொள்ள வேண்டும். ஏனெனில் டிஜிட்டலில் வெளுத்துப்போன இடத்தில் மீட்பதற்கு எதுவுமே இருக்காது. நிழலையாவது ஓரளவு தூக்கிவிடலாம்.

வேட்டிக்கு அளந்த பிறகு அதே மீட்டரை மகனின் முகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அந்த எக்ஸ்போஷரில் முகம் 4ஆம் மண்டலத்தில் விழுந்தால் நல்லது. 3இல் விழுந்தாலும் கணினியில் தூக்கிவிடலாம். அதற்கும் கீழே போனால், மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிட வெளிச்சத்தை மாற்றுவதே முறை. உங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது என்பதால், காலை வெயில் வேட்டியின்மேல் நேரே விழும் வேளையில்தான் இடைவெளி மிகப் பெரிதாக இருக்கும். பிற்பகலில் வானத்து வெளிச்சம் மட்டுமே உள்ளே வருவதால் அது வெகுவாகக் குறைந்துவிடும். காலையில்தான் வேலை நடக்கும் என்றால், பெரியவர் வெயிலின் எல்லையிலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி அமரலாம். வாசற்படிக்கு உள்ளே வெயில் விழும் தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் அதிலிருந்து எழும் ஒளி மகனின் முகத்துக்குக் கீழிருந்து வந்து சேரும். தீப்பொறி தெறிக்கும் இடம் என்பதால் உலையிலிருந்து தள்ளியே விரியுங்கள்.

கருமையைப் பற்றியும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை வந்து பாருங்கள். தமிழ்நாட்டு மண்ணில் நின்றாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் அந்த மரமாளிகையில் தரை கறுப்பு, தூண்கள் கருமை, வெளிச்சமோ மரச்சட்டங்களின் இடுக்கு வழியாக மட்டும் வருவது. சன்னலுக்கு எதிரே நின்று குனிந்து பார்த்தால், மெருகேறிய அந்தத் தரையில் சட்டங்களின் இடைவெளிகள் ஒவ்வொன்றும் வெள்ளைக் கோடாக நீண்டு கிடக்கும். நான்கு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் அதே தரை வெறும் கறுப்பாகிவிடும். தரையின் கருமை இரண்டிலும் ஒன்றுதான். மேலே படிந்த பளபளப்பை நாம் எந்தக் கோணத்தில் வாங்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

சம்மட்டி ஓங்குபவரின் தோளிலும் புயத்திலும் இருக்கும் வியர்வையும் அப்படித்தான். வாசலைப் பார்த்தபடி, அவரைச் சற்றுக் குறுக்காக வைத்து நீங்கள் நின்றால், வாசல் வெளிச்சம் அந்த வியர்வையில் பட்டுத் தெறித்து, தோளின் வளைவை ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பாக வரைந்துகாட்டும். அடைகல்லின் தேய்ந்த விளிம்பும் அதே கோணத்தில் மின்னும். கறுத்த பொருளை வெளுக்கச் செய்யாமலே அதன் உருவத்தைக் காட்டும் வழி இது. கரிச்சுவரில் பளபளப்பு இல்லை. அது கறுத்துப் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

ஆரியங்காவு நேயர்:

எங்கள் மலைப்பக்கம் வந்து எடுத்த பாலத்துக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அங்கே உங்களுக்கு உதவியது நிற வேறுபாடு மட்டுமே. பச்சையும் கல்லின் பழுப்பும் வேறுவேறு நிறங்கள். ஆனால் இரண்டும் திருப்பித் தரும் ஒளியின் அளவு ஏறக்குறைய ஒன்று. நிறத்தை நீக்கியதும் பிரித்துக்காட்ட எதுவும் மிஞ்சுவதில்லை. பொதுவான கான்ட்ராஸ்டைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்.

சென்சார் பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, மென்பொருளில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும் இடத்தில் நிறவாரியான கலவையைத் திருத்துங்கள். நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் இலையில் மஞ்சளின் பங்கு அதிகம் என்பதால், பச்சையோடு மஞ்சளையும் உயர்த்தினால்தான் தழை வெளுத்துக் கல் கருமையாகப் பிரியும். கேமராவே கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்த ஜேபெக்கில் இது முடியாது. அதில் நிறத் தகவலே இருப்பதில்லை. பிலிம் காலத்தில் இதே வேலையை லென்ஸின்மேல் மாட்டும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கண்ணாடிகள் செய்தன. ஆனால் சாரல் காலத்து வெள்ளை வானத்தைச் சிவப்புக் கண்ணாடியாலும் கறுக்கச் செய்ய முடியாது. நீல வானத்தில்தான் அதன் வித்தை பலிக்கும். நனைந்த இலைகளின் மினுமினுப்பைக் குறைக்க, லென்ஸில் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டி உதவும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைத் தின்றுவிடும் என்பதால் முக்காலி தேவைப்படலாம். எல்லாவற்றையும்விட எளிய வழி, மூடுபனி பாலத்துக்குப் பின்னால் இறங்கும் வரை காத்திருப்பது. பின்னணி மரங்கள் தாமாகவே வெளிறி, முன்னே நிற்கும் பாலத்தின் தூண்கள் அத்தனையும் கருமையாக எழுந்துவரும்.

பட்டறைக்கும் இந்த நிறக்கலவை பயன்படும் என்று நினைக்கிறேன். வாசல் வழியே வருவது நீலம் கலந்த வெளிச்சம், உலையிலிருந்து வருவது செம்மஞ்சள். மனிதத் தோல் எந்த நிறமாயினும் நீலத்தைவிடச் சிவப்பையே அதிகம் திருப்பி அனுப்பும். ஆகவே சிவப்பையும் ஆரஞ்சையும் சற்று உயர்த்தினால் மகனின் முகம் தெளியும். வெள்ளைச் சமநிலை பகல் வெளிச்சத்துக்குச் சரியாக இருந்தால் வேட்டி அசையாமல் அப்படியே நிற்கும். ஒரேயடியாக உயர்த்தினால் காய்ந்த இரும்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும், விளிம்புகளில் வளையமும் தோன்றும் என்பதால் பார்த்துச் செய்யுங்கள். செந்நிறத்தை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் இதற்கு நேர்மாறாக முகங்கள் கறுத்து வந்ததும் இதே காரணத்தால்தான்.

செங்கோட்டை வாசகர்:

இருவருக்கும் மிக்க நன்றி. பிற்பகலில் போய், வேட்டிக்கு அளந்து எடுத்துப் பார்த்தேன். முகம் 3க்கும் 4க்கும் நடுவில் விழுந்தது. நிறக்கலவையில் அது நன்றாகவே மேலே வந்தது. ஆனால் சுவரை முழுக்க விட்டுவிட மனம் வரவில்லை. அதில் அவர்கள் குடும்பத்தின் பழைய குறடுகளும் வளையங்களும் வரிசையாகத் தொங்குகின்றன. மேலும், திரையில் நன்றாகத் தெரிந்த படத்தை ஒரு லேபில் கொடுத்துப் பிரிண்ட் போட்டால், நிழல் எல்லாம் ஒன்றாகி மங்கலாக வருகிறது. இதற்கு என்ன செய்வது?

பாலக்காடு பழைய அச்சாளர்:

வணக்கம். பாலக்காட்டில் இருட்டறை வைத்துப் பிரிண்ட் போட்டு வந்தவன் நான். உதகமண்டலத்தில் தயாரான ‘இந்து’ (INDU) என்ற வணிகப்பெயர் கொண்ட பிலிமும் தாளும் எங்கள் அன்றாடப் பிழைப்பாக இருந்த காலம் அது.

தக்கலை நண்பர் சொன்ன மற்ற அனைத்தையும் ஏற்கிறேன், சுவரைக் கைவிடச் சொன்னதைத் தவிர. தொங்கும் குறடுகள் அந்தக் குடும்பத்தின் கதை. அவை இல்லாவிட்டால் அது எந்த ஊர்ப் பட்டறையாகவும் இருக்கலாம். முழுக் கறுப்பு ஒரு படத்தில் தேவைதான், ஆனால் அது சிறிய இடத்தில் இருந்தாலே போதும்: அடைகல்லின் அடிநிழல், கூரையின் மூலை. அந்த ஒரு கறுப்பு உறுதியாக இருந்தால், சுவரை அதிலிருந்து ஒன்றரை மண்டலம் மேலே வைத்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது கரிச்சுவராகவே தெரியும். கறுப்புச் சட்டத்துக்குள் வெளிறிய தாளை வைத்தால் தாள் மேலும் வெளிறித் தெரிவதைப் போல, ஒரு டோன் தன் பக்கத்தில் இருப்பதை வைத்தே கண்ணுக்குப் படும்.

இருட்டறையில் முழுப் படத்துக்கும் ஒரே கான்ட்ராஸ்ட் என்பதை நாங்கள் தொடக்கமாக மட்டுமே கொள்வோம். இல்போர்டு மல்டிகிரேடு தாளுக்குக் கான்ட்ராஸ்டை மாற்ற, மிக மென்மையான 00 முதல் மிகக் கடினமான 5 வரை வடிகட்டிகள் உண்டு. ஒரே பிரிண்டில் வேட்டிப் பகுதிக்கு மென்மையான வடிகட்டியும் குறடுகள் தொங்கும் பகுதிக்குக் கடினமானதும் போட்டு ஒளி காட்டுவோம். முகத்துக்குமேல் கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டை ஆட்டி நிழல் கொடுத்தால் அந்த இடம் வெளுக்கும். அட்டையில் ஓட்டை போட்டு அதன் வழியாக ஒளி விட்டால் அந்த இடம் மட்டும் கறுக்கும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித், பிரிண்டில் சின்னஞ்சிறு இடங்களைப் பொட்டாசியம் பெரிசயனைடு கரைசலால் வெளுக்கச் செய்தவர். உங்கள் மென்பொருளில் இதே வேலையைத் தூரிகைக் கருவி செய்யும். மகனின் கண்குழியையும் கன்னத்தின் வாசல் பக்கத்தையும் அரை ஸ்டாப் உயர்த்துங்கள். முகம் முழுவதையும் உயர்த்த வேண்டாம், உயர்த்தினால் மாவு பூசியது போலாகிவிடும். குறடுகளை உயர்த்தும்போது சுவரைத் தொடாமல் இரும்பின் விளிம்பை மட்டும் தொடுங்கள்.

லேபில் மங்கி வருவதற்கு, அவர்களைக் குறைசொல்லும் முன் உங்கள் திரையைப் பாருங்கள். பெரும்பாலான திரைகள் கடையிலிருந்து வரும்போதே மிகப் பிரகாசமாக இருக்கும். பிரிண்டுக்காகத் திருத்துகிறவர்கள் திரையின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். பிரகாசமான திரையில் தெரியும் நிழல் விவரம், தன் ஒளி இல்லாத தாளில் தெரியாது. தாளின் வகையும் முக்கியம். மேட் தாளின் கறுப்பு ஒருபோதும் பளபளப்புத் தாளின் கறுப்பளவுக்கு ஆழமாக இருக்காது. அதில் 1, 2, 3 ஆகிய மண்டலங்கள் நெருங்கி ஒன்றாகிவிடும். இத்தனை நிழல் உள்ள படத்துக்குப் பளபளப்பு அல்லது அரைப் பளபளப்புத் தாளைக் கேளுங்கள்.

முழு அளவில் போடுவதற்கு முன், முகமும் இரண்டு குறடுகளும் வரும் சிறு பகுதியை மட்டும் வெட்டி, ஒன்று இருக்கிறபடி, ஒன்று கால் ஸ்டாப் கூட்டி, ஒன்று அரை ஸ்டாப் கூட்டி, ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். தாள் நன்றாக உலர்ந்த பின், படம் மாட்டப்போகும் அதே சுவரில், அதே விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, குறடுகள் எதில் எண்ணிப் பார்க்கும் அளவுக்குத் தெரிகின்றனவோ அந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.